கடிதத்துக்குள் போன கணக்குப் புத்தகம்: எக்செல் ஷீட்டும் மேக்ரோ எச்சரிக்கையும்

“சார், நீங்க அனுப்புன கோட்டேஷன்ல வைரஸ் இருக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. தொறக்கலாமா, வேணாமா?”

போனில் பேசியவர் சென்னையில் ஏற்றுமதி செய்யும் ஒரு பார்ட்டியின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பையன். நான் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்குக் கணக்கும் கடிதங்களும் பார்த்துக்கொடுக்கிறவன். ஜூன் மாதம். கேட்டுக்கு வெளியே பெங்களூரா மாங்காய் லோடு வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. எடைமேடையிலிருந்து ஒரு போன், பாய்லர் பக்கமிருந்து ஒரு போன். அந்த நெருக்கடியில், “அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, எனேபிள் கொடுத்துட்டுப் பாருங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தம்பி என்னைவிடக் கெட்டிக்காரர். ஷீட்டுக்குள் எழுதிவைத்த குட்டி நிரலான மேக்ரோவை இயக்கவா (எனேபிள்), தடுக்கவா (டிஸேபிள்) என்று கேட்ட எச்சரிக்கைப் பெட்டியில் எனேபிள் கொடுக்கவில்லை. டிஸேபிள் கொடுத்துவிட்டு, கடிதத்துக்குள் இருந்த அட்டவணையில் 80 டிரம் என்பதை 160 ஆக்கியிருக்கிறார். மொத்தத் தொகை சரியாக மாறிவிட்டது. தொகையை எழுத்தால் காட்டும் கட்டம் மட்டும் ‘#நேம்?’ என்று ஆகி, அப்படியே பிரிண்ட் எடுக்கப்பட்டு, அவருடைய முதலாளியின் மேசைக்குப் போயிருக்கிறது. சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் பேசினார். வைக்கும்போது ஒன்று கேட்டார்: “மாங்கா டன்னு இந்த ரேட்டுக்குத்தான் எடுக்குறீங்க. எங்களுக்கு மட்டும் கூழு ஏன் சார் இவ்வளவு வெலை?”

எங்கள் கொள்முதல் விலை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு நிமிஷம் விழித்தேன். வேறு யாருமில்லை, நான்தான் அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு பக்கக் கோட்டேஷனுக்குள் சீசன் முழுவதற்குமான எங்கள் கணக்குப் புத்தகமே போயிருக்கிறது. எச்சரிக்கைப் பெட்டி வந்ததும் அதனால்தான், விலை வெளியே போனதும் அதனால்தான். அந்தப் பெட்டியை எப்படி வராமல் செய்வது என்று தேடப் போனவன் இதையெல்லாம் கற்றுக்கொண்டு வந்தேன்.

வண்டி வேறு, லோடு வேறு

எக்செல்லில் ஒரு பகுதியைக் காப்பி செய்து, வேர்டில் வந்து பேஸ்ட் ஸ்பெஷல் போட்டு, ‘மைக்ரோசாஃப்ட் எக்செல் வொர்க்‌ஷீட் ஆப்ஜெக்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் கண்ணுக்குத் தெரிவது நாம் காப்பி செய்த பத்து வரிதான். உள்ளே போவது முழு வொர்க்புக். எல்லா ஷீட்டும் போகும். மறைத்து வைத்த ஷீட்டும் போகும். மேக்ரோ இருந்தால் அதுவும் கூடவே போகும். நாம் பார்க்கும் பத்து வரி, அந்த மூட்டையின் மேல் ஒட்டிய ஒரு படம், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். அப்படி ஒரு வேர்டு ஃபைலைக் காப்பி எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் ‘டாக்எக்ஸ்’ என்பதை ‘ஜிப்’ என்று மாற்றித் திறங்கள். சில ஃபோல்டர்கள் வரும். ‘வேர்டு’ என்ற ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்று ஒன்று இருக்கும், அந்தப் படம் அதில் கிடக்கும். பக்கத்திலேயே ‘எம்பெடிங்ஸ்’ என்று இன்னொன்று. அதற்குள் உங்கள் எக்செல் ஃபைல் கத்தரிக்கப்படாமல் முழுசாக உட்கார்ந்திருக்கும். வெளியே இழுத்துப் போட்டு இரட்டை கிளிக் செய்தால் எக்செல்லில் சாதாரணமாகத் திறக்கும். முதல் முறை இதைச் செய்து பார்த்தபோது, ‘கொள்முதல்’, ‘கமிஷன்’, ‘பாக்கி’ என்று என் ஷீட்டுகளின் பெயர்கள் கீழே வரிசையாக வந்து நின்றதைப் பார்த்து எனக்கு வியர்த்துவிட்டது.

இதற்கு ஓஎல்இ என்று பெயர். ஒரு மென்பொருளின் ஆவணத்தை இன்னொன்றின் ஆவணத்துக்குள் பொதித்து வைக்கவோ, இணைத்து வைக்கவோ மைக்ரோசாஃப்ட் 1990இல் கொண்டுவந்த ஏற்பாடு. அதன் இரண்டாம் பதிப்பு 1993இல் வந்தது. அதே 1993இல்தான் எக்செல்லின் 5ஆம் பதிப்போடு விபிஏ என்ற மேக்ரோ மொழியும் வந்தது. ஃபைலுக்குள் ஃபைலை வைக்கும் வசதியும், ஃபைலுக்குள் நிரல் எழுதும் வசதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிட்டன. இரண்டும் சேர்ந்தால் என்னென்ன நடக்கும் என்பது தெரியவரச் சில வருஷம் ஆனது.

சரி, அந்தப் பையன் கடிதத்தைத் திறந்தபோது வராத எச்சரிக்கை, உள்ளே இருந்த அட்டவணையைத் தொட்டதும் ஏன் வந்தது? ‘டாக்எக்ஸ்’ வகை ஃபைலில் வேர்டின் சொந்த மேக்ரோ இருக்க முடியாது. அதனால் வேர்டு தன் பங்குக்குப் பார்த்துவிட்டு, எதுவுமில்லை என்று திறந்துவிட்டது. உள்ளே இருக்கும் எக்செல் லோடைப் பற்றி வேர்டுக்குக் கவலை இல்லை. அட்டவணையை இரட்டை கிளிக் செய்ததும் எக்செல் விழித்துக்கொள்கிறது. அது தன் சட்டப்படி மறுபடி சோதிக்கிறது. வண்டியின் பேப்பரெல்லாம் சரியாக இருந்ததால் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டது; தார்ப்பாயை அவிழ்க்கும்போதுதான் கேள்வி வருகிறது.

எக்செல்லைத் தனியாகத் திறந்தால் இந்த எச்சரிக்கை மேலே ஒரு மஞ்சள் பட்டையாக, ‘எனேபிள் கன்டென்ட்’ என்ற பொத்தானோடு, ஓரமாக வரும். கண்டுகொள்ளாமல்கூட வேலை செய்யலாம். கடிதத்துக்குள் இருந்து திறக்கும்போது அப்படி இல்லை. பதில் சொல்லாமல் நகர முடியாத ஒரு பெட்டி நடுவில் வந்து நிற்கும். அதில் இருக்கும் வாசகமும் பயமுறுத்துவது போலத்தான் இருக்கும்: மேக்ரோக்களில் வைரஸ் இருக்கலாம், எங்கிருந்து வந்தது என்று நம்பினாலொழிய இயக்காதீர்கள் என்று. ‘இருக்கலாம்’ என்பதைத்தான் நம்மவர்கள் ‘இருக்கிறது’ என்று படித்துவிட்டுப் போன் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் அங்கே எதையும் கண்டுபிடிக்கவில்லை. உள்ளே நிரல் இருக்கிறது, அதை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்கிறது. ஆன்டிவைரஸ் கூச்சல் போடுவது வேறு, இது வேறு.

இன்னொரு எரிச்சல், இந்தப் பெட்டி ஒவ்வொரு தடவையும் வரும். தனி எக்செல் ஃபைல் என்றால் ஒருமுறை எனேபிள் கொடுத்ததும் ஆபீஸ் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். 2010 பதிப்பிலிருந்து அப்படி. அந்த ஞாபகம் ஃபைல் இருக்கும் இடத்தை, அதாவது எந்த டிரைவில் எந்த ஃபோல்டர் என்ற முகவரியை வைத்துத்தான். கடிதத்துக்குள் இருக்கும் ஷீட்டுக்குச் சொந்தமாக முகவரி கிடையாது. குடியிருப்பது அடுத்தவர் வீட்டில். அதனால் தினம் புது விருந்தாளி போலவே நடத்தப்படும்.

ரூபாயை எழுத்தில் எழுத ஒரு மேக்ரோ

கோட்டேஷனில் மேக்ரோவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் ஊரில் பில், செக், கோட்டேஷன் எதுவாக இருந்தாலும் தொகையை எண்ணிலும் எழுத்திலும் போட வேண்டும். எக்செல்லில் அதற்கு நேரடி ஃபார்முலா கிடையாது. வேடிக்கை என்னவென்றால், தாய்லாந்துப் பணமான பாட்டுக்கு மட்டும் இருக்கிறது! ‘பாட்டெக்ஸ்ட்’ என்று ஒரு ஃபார்முலா, எண்ணைக் கொடுத்தால் தாய் மொழியில் எழுதித் தரும். நமக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்தது ‘ஸ்பெல்நம்பர்’ என்று ஒரு மாதிரி நிரல். அதுவும் டாலர், சென்ட், மில்லியன் கணக்கில். அதை லட்சம், கோடி என்று மாற்றி யாரோ ஒருவர் எழுதிவைக்க, அது பென்டிரைவ் பென்டிரைவாகச் சுற்றி எல்லாக் கணக்கர்களின் கம்ப்யூட்டரிலும் குடியேறிவிட்டது. என்னுடையது எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. எழுதியவர் யாரென்று தெரியாது என்று எக்செல் சொன்னது என் விஷயத்தில் நூற்றுக்கு நூறு உண்மை.

பையனின் பிரிண்டில் ‘#நேம்?’ வந்த கதையும் இதுதான். மேக்ரோவைத் தடுத்தாலும் கடைசியாகக் கணக்கிட்ட விடை கட்டத்தில் அப்படியே நிற்கும். அதனால் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். டிரம் எண்ணிக்கையை மாற்றியதும் எக்செல் மறுபடி கணக்குப் போடும். கூட்டல் பெருக்கலை அதுவே செய்துகொள்ளும். ‘ஸ்பெல்நம்பர்’ என்று வரும்போது, அப்படி ஒரு பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று கையை விரித்துவிடும். அந்தக் கைவிரிப்புதான் ‘#நேம்?’. வெளியே வந்ததும் கடிதத்தின் மேல் ஒட்டிய படமும் புதுப்பிக்கப்படும். பிழையும் அதில் பதிந்துவிடும்.

எனேபிள் கொடுக்கும் பழக்கமே நமக்கு அரசாங்கப் படிவங்களிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். வருமான வரித் துறையின் எக்செல் யூட்டிலிட்டி மேக்ரோவை இயக்காமல் நகராது. பிப்ரவரி வந்தால் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வரிக் கணக்கீட்டு எக்செல் ஒன்று சுற்ற ஆரம்பிக்கும். ‘ஓபன் செய்ததும் எனேபிள் கன்டென்ட் கொடுக்கவும்’ என்ற குறிப்போடுதான் வரும். நல்லெண்ணத்தில் யாரோ ஒரு ஆசிரியர் ராத்திரி கண்விழித்துச் செய்தது. பயன்படுத்துகிறவர்களுக்கு வருஷா வருஷம் கை பழகிவிடுகிறது. பெட்டி வந்தால் படிக்காமல் எனேபிள். நானும் அந்தப் பழக்கத்தில்தான் அந்தப் பையனுக்குப் பதில் சொன்னேன்.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் எதிரிகள் பிழைக்கிறார்கள். 1995இல் வேர்டு ஃபைல் வழியாகப் பரவிய ‘கான்செப்ட்’, 1996இல் எக்செல்லுக்கு வந்த ‘லாரூ’ இரண்டும் பெரிய சேதம் செய்யவில்லை. வழி இருக்கிறது என்று காட்டின. 97ஆம் வருஷப் பதிப்பில், மேக்ரோவை இயக்கவா என்று ஆபீஸ் கேள்வி கேட்டது. 1999 மார்ச்சில் ‘மெலிசா’ வந்தது. ஒருவர் திறந்த வேர்டு ஃபைல், அவருடைய முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தானே மெயில் அனுப்பிக்கொண்டது. அதை எழுதியவருக்கு அமெரிக்காவில் 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

நடுவில் சில வருஷம் மேக்ரோ வைரஸ் ஓய்ந்ததாகப் பேசிக்கொண்டார்கள். 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. மின் நிறுவனங்களின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் தொலைவிலிருந்தே நுழைந்து சுவிட்சுகளை அணைத்திருந்தார்கள். பல மாதங்களுக்கு முன் மெயிலில் வந்த ஆபீஸ் ஃபைல்களில் ஊழியர்கள் மேக்ரோவை இயக்கியதுதான் ஆரம்பம். ஒரு பொத்தானை அழுத்தியதற்கும் ஊரே இருண்டதற்கும் நடுவில் அத்தனை மாதம். நம் மாங்கூழ் கணக்குக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்று நினைக்கலாம். பாங்க் அக்கவுன்ட் நம்பர் மாற்றிய போலி இன்வாய்ஸ் ஒன்று போதும், ஒரு சீசன் வருமானம் போய்விடும்.

பென்டிரைவில் கொடுத்தால் வருவதில்லையே!

2022இல் இன்னொரு மாற்றம் வந்தது. இணையத்திலிருந்து வந்த ஃபைலில் மேக்ரோ இருந்தால், கேட்காமலேயே தடுத்துவிடுவதாக மைக்ரோசாஃப்ட் அந்தப் பிப்ரவரியில் அறிவித்தது. ஜூலையில் கொஞ்ச நாள் பின்வாங்கி, அதே மாதக் கடைசியில் மறுபடி தொடங்கியது. இந்தத் தடை மஞ்சளாக வராது, சிவப்புப் பட்டையாக வரும். அதில் எனேபிள் பொத்தானே இருக்காது.

ஃபைல் இணையத்திலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? பிரவுசரோ மெயில் மென்பொருளோ ஃபைலை இறக்கும்போது, அதன் முதுகில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்டிவிடும். ‘ஸோன் ஐடி 3’ என்று அதில் எழுதியிருந்தால் இணையத்திலிருந்து வந்தது என்று அர்த்தம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்கில் மட்டும்தான் இந்தச் சீட்டு ஒட்டும். நாம் பயன்படுத்தும் பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வகை. அதில் காப்பி செய்ததும் சீட்டு உதிர்ந்துவிடும்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு டிடிபி கடையில் இதை வைத்து ஒரு வைத்தியமே நடந்துகொண்டிருந்தது. “மெயில்ல வந்தா வைரஸ் காட்டும்ணா, பென்டிரைவ்ல போட்டு எடுத்தா கிளீன் ஆயிடும்” என்றார் அங்கிருந்த தம்பி. கிளீன் ஆகவில்லை. எங்கிருந்து வந்தது என்று எழுதிய சீட்டுதான் போயிற்று. உள்ளே இருக்கும் சரக்கு அதே சரக்குதான். அனுப்பியவரிடம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட ஃபைல் என்றால், பென்டிரைவ் சடங்கு இல்லாமலே அதன் ப்ராப்பர்ட்டீஸில் கீழே இருக்கும் ‘அன்பிளாக்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் சீட்டு போய்விடும். உறுதி செய்யாத ஃபைல் என்றால் இரண்டுமே தப்பு.

இணையத்திலிருந்து வந்த கடிதம் முதலில் ‘ப்ராடெக்டட் வியூ’வில், அதாவது வெறுமனே படிக்கும் நிலையில் திறக்கும். கோட்டேஷனைப் படிக்கிறவருக்கு அதுவே போதும். பல பார்ட்டிகள் ‘எனேபிள் எடிட்டிங்’, பிறகு எனேபிள் கன்டென்ட் என்று படியேறுவது, நாம் அட்டவணையைத் திறக்கும்படி வைத்திருப்பதால்தான்.

பெட்டியை அடக்குவதா, லோடைக் குறைப்பதா

எச்சரிக்கை வராமல் செய்ய என்ன வழி என்று கேட்டால் பலரும் சொல்வது, ஆபீஸின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் டிரஸ்ட் சென்டர் போய், மேக்ரோ செட்டிங்ஸில் ‘எனேபிள் ஆல்’ போடு என்பது. நம் கம்ப்யூட்டரில் அப்படிப் போட்டால் பெட்டி வராது, உண்மைதான். சென்னைக்காரர் கம்ப்யூட்டரில் வருவதை அது எப்படி நிறுத்தும்? அவர் கம்ப்யூட்டரிலும் போடச் சொல்வது, எங்கள் கோட்டேஷன் ஒன்றுக்காக அவர் வீட்டு வாசல் கதவையே கழற்றிவைக்கச் சொல்வது போல. முன்னிருப்பாக இருக்கும் ‘அறிவித்துவிட்டுத் தடு’ என்ற நிலை அப்படியே இருக்கட்டும்.

நான் இப்போது முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தக் கடிதத்தைப் பெறுகிறவர் எண்களை மாற்றப் போகிறாரா? பத்துக்கு ஒன்பது முறை பதில், இல்லை. அப்படியானால் ஷீட்டை உள்ளே வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எக்செல்லில் காப்பி செய்து வேர்டில் சாதாரணமாகப் பேஸ்ட் செய்தால் அது வேர்டின் அட்டவணையாகிவிடும். பேஸ்ட் ஸ்பெஷலில் படமாகவும் ஒட்டலாம். கடைசியில் முழுக் கடிதத்தையும் பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுகிறேன். இப்போது பாதிப் பேர் கோட்டேஷனைப் போனில்தான் பார்க்கிறார்கள். போனில் அந்த அட்டவணையைத் திறக்கவும் முடியாது, மேலே ஒட்டிய படத்தைத்தான் பார்க்கப் போகிறார்கள். அதற்கு எதற்கு உள்ளே ஒரு வொர்க்புக்?

ஏற்கெனவே பொதித்துவிட்ட கடிதம் என்றால், அட்டவணையை ஒருமுறை கிளிக் செய்து தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்9 அழுத்தினால் அது வெறும் படமாகிவிடும். காப்பியில் செய்யுங்கள். திரும்பி வர வழியில்லை.

மாற்றத்தான் வேண்டும் என்று பார்ட்டி கேட்டால், அதற்கென்று ஒரு புது ஃபைல். அதில் ஒரே ஷீட். வேண்டிய வரிகளை மட்டும் ஃபார்முலா இல்லாமல் மதிப்புகளாக ஒட்டி, ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ ஆகச் சேமித்தால், அந்த வகையில் மேக்ரோ இருக்க முடியாது. பெட்டிக்கு வேலையே இல்லை. 2007 பதிப்பில் இந்தப் பிரிவினை வந்தது: ‘எக்ஸ்’ என்று முடிந்தால் மேக்ரோ இல்லை, ‘எம்’ என்று முடிந்தால் இருக்கலாம். பழைய ‘எக்ஸ்எல்எஸ்’ வகையில் பெயரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ‘எக்ஸ்எல்எஸ்பி’ என்று ஒன்று இருக்கிறது. பெரிய கணக்குகளுக்கு வேகமாக இருக்கும் என்று சிலர் விரும்புவார்கள். அதற்குள்ளும் மேக்ரோ இருக்கலாம், பெயர் காட்டிக்கொடுக்காது.

“என் ஃபைல்ல மேக்ரோவே இல்ல, ஆனா கேக்குது” என்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும், எப்போதோ ரெக்கார்ட் செய்து பார்த்து அழித்த மேக்ரோவின் காலி மாட்யூல் உள்ளே தங்கியிருக்கும். ஆல்ட், எஃப்11 அழுத்தி இடதுபக்கப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். அதைத் தேடி அழிப்பதைவிட ‘எக்ஸ்எல்எஸ்எக்ஸ்’ ஆகச் சேமிப்பது சுலபம். நிரலைச் சேமிக்க முடியாது, பரவாயில்லையா என்று கேட்கும், ஆமாம் என்றால் துடைத்துவிடும்.

அப்போது எழுத்தால் வரும் தொகைக்கு என்ன வழி? என் மேக்ரோ ஃபைல் என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போவதில்லை. அதில் தொகையை எழுத்தாக்கி, அந்த வார்த்தைகளை மட்டும் மதிப்பாக ஒட்டுகிறேன். புதிய எக்செல் வைத்திருப்பவர்கள், நமக்கு வேண்டிய ஃபார்முலாவை நாமே உருவாக்க உதவும் ‘லாம்டா’வை வைத்து மேக்ரோ இல்லாமலே இதைச் செய்துவிடலாம். எழுதுவது கொஞ்சம் முதுகொடியும் வேலை. பழைய பதிப்பு வைத்திருக்கும் பார்ட்டியிடம் போனால் அங்கும் ‘#நேம்?’தான்.

மேக்ரோவோடுதான் அனுப்ப வேண்டும் என்ற நிலை அபூர்வமாக வரும். ஒசூர் பக்கம் உதிரிபாகம் செய்யும் யூனிட்கள் சிலவற்றுக்கு, பெரிய கம்பெனிக்கு அனுப்பும் தர அறிக்கைக்குள் கணக்கிடும் ஷீட்டும் இருக்க வேண்டியிருக்கும். அங்கே நியாயமான வழி மேக்ரோவுக்கு டிஜிட்டல் கையொப்பம். ‘நம்பகமான இடம்’ என்று ஒரு ஃபோல்டரைக் குறித்துவைப்பது தனி ஃபைலுக்கு நல்ல ஏற்பாடு. அந்தக் குறிப்பு நம் கம்ப்யூட்டரில் இருக்குமே தவிர, கடிதத்தோடு பயணம் செய்யாது. கையொப்பம் நிரலோடு சேர்த்து ஃபைலுக்குள் இருப்பதால் எங்கே போனாலும் கூடவே போகும். பெறுகிறவர் அந்தக் கையொப்பக்காரரை ஒருமுறை நம்பகமானவர் பட்டியலில் சேர்த்துவிட்டால் போதும்.

ஆடிட்டர் கொடுத்த டிஎஸ்சி டாங்கிள் (டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி கருவி) இருக்கிறதே, அதை வைத்துப் போடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ரிட்டர்ன் போடும் டாங்கிளில் இருப்பது ஆவணத்தில் கையெழுத்திடும் சான்றிதழ். நிரலுக்குக் கையொப்பமிட வேறு வகைச் சான்றிதழ் வேண்டும். ஆபீஸோடு வரும் ‘செல்ஃப்செர்ட்’ என்ற சிறு கருவியில் நாமே ஒன்று செய்துகொள்ளலாம். அது நமக்கு நாமே எழுதிக்கொண்ட நன்னடத்தைச் சான்று. நம் கம்ப்யூட்டரில் செல்லும். அடுத்தவர் நம்ப வேண்டுமென்றால் அவரே அதைத் தன் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ள வேண்டும்.

பொதிப்பதற்குப் பதில் இணைப்பது, அதாவது லிங்க் கொடுப்பது, இன்னொரு வகை. தர்மபுரியில் பட்டுக்கூடு அங்காடியின் ஏல விலையைத் தினமும் எக்செல்லில் குறித்துவைக்கும் நண்பர் ஒருவர், பாங்க் லோனுக்கான திட்ட அறிக்கையில் அதை லிங்க் செய்திருந்தார். வீட்டில் அழகாகப் புதுப்பித்துக்கொண்டது. பாங்கில் திறந்தபோது, இந்த ஆவணம் வேறு ஃபைல்களைக் குறிக்கிறது, புதுப்பிக்கவா என்று கேட்டது. ஆமாம் கொடுத்தார்கள். அவர் வீட்டு டி டிரைவை பாங்க் கம்ப்யூட்டர் எங்கே போய்த் தேடும்? அட்டவணை இருந்த இடத்தில் ‘பிழை! சரியான இணைப்பு இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. லிங்க்கில் ரகசியம் கசியும் பயம் குறைவு, ஏனென்றால் வொர்க்புக் கூடவே போவதில்லை. ஃபைலின் முழு முகவரி மட்டும் போகும். அனுப்புவதற்கு முன் அதையும் எஃப்9 வைத்தியத்தால் துண்டித்துவிடுவது நல்லது.

மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மேக்ரோ பாதுகாப்பு நான்கு படியாக இருக்கும், முன்னிருப்பு ‘ஹை’. கையொப்பம் இல்லாத மேக்ரோ அதில் ஓடாது. ‘மீடியம்’ வைத்தால் கேட்கும். அதன் கணக்கு ஷீட் வகையான ஓடிஎஸ் ஃபைலில் மேக்ரோ உள்ளது, இல்லாதது என்று பெயரில் வித்தியாசமே கிடையாது. அதனால் அங்கே பெயரை நம்பக் கூடாது.

அந்தச் சீசன் முடிந்த கையோடு, பழைய கோட்டேஷன்களை ஒவ்வொன்றாக ஜிப் ஆக்கிப் பார்த்தேன். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று முழுக்க அதற்கே போனது. கடிதம் ஒரு பக்கம்தான், ஃபைல் மட்டும் பெருத்திருக்கிறது என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. பலவற்றில் கொள்முதல் ஷீட் இருந்தது. ஒன்றில், விவசாயி வாரியாக நாங்கள் தர வேண்டிய பாக்கிப் பட்டியல் முழுதாக இருந்தது. அது துபாய் வரைக்கும் போய்வந்த கடிதம். பட்டியலில் ஏழாவது பெயர் எங்கள் சித்தப்பாவுடையது.